படப்பையில் பத்துச் சுற்று நீராவி

தாம்பரம் மேற்கில் ஷேர் ஆட்டோ நிறைந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது அது பாதிதான் நிறைந்திருக்கும். திங்கட்கிழமை காலை யாருடைய சாப்பாட்டுப் பையோ என் மடியில் இருந்தது. என் பை வேறு யாருடைய மடியிலோ போய்க்கொண்டிருந்தது. முடிச்சூர் தாண்டியதும் பைகள் உரியவர்களிடம் வந்து சேர்ந்தன. இதைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கத்தில் இருந்த அக்கா மட்டும் கேட்டார். "எங்கம்மா போறே?"

"படப்பைக்கு. ஒரு ரயில் எஞ்சின் பாக்கப் போறன்."

"படப்பைல ஏது ரயிலு?" என்றவர், என் பேச்சைச் சற்று யோசித்துவிட்டு, "கேரளாவா நீ?" என்றார்.

யாழ்ப்பாணம் என்றேன். ஆட்டோ முழுவதும் என்னை விருந்தாளியாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இடம் ஓர் அங்குலமும் கூடவில்லை.

அக்கா சொன்னது சரிதான். படப்பையில் ரயில் நிலையம் இல்லை. ஆனால் பூங்காக்களில் பிள்ளைகள் ஏறும் சின்ன ரயில்களைச் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. எங்கள் முதலாளி குகன் அண்ணை சாவகச்சேரியில் ஒரு பூங்கா கட்டுகிறார். அங்கே சுற்றுவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் என் பொறுப்பு. நான் இயந்திரப் பொறியியல் படித்தவள்.

இப்படிப்பட்ட ரயில்கள் எல்லா ஊரிலும் பொய்யானவை. புகைபோக்கி இருக்கும், புகை இருக்காது. உள்ளே ஒரு டீசல் எஞ்சின் ஒளிந்திருக்கும், கூவென்ற சத்தம் ஒலிபெருக்கியில் வரும். பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது, உண்மையான நீராவி எஞ்சின்தான் வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். என்னோடு வேலை செய்யும் நிரோஷன், "உலகத்து ரயில்வே எல்லாம் நீராவியை விட்டிட்டு டீசலுக்குப் போனதுக்கு ஒரு காரணம் இருக்காதோ?" என்று கேட்டான். "சோம்பல்" என்றேன். கூட்டக் குறிப்பில் அது அப்படியே பதிவானது.

குகன் அண்ணை ஒரு நிபந்தனை வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பட்டறையின் நீராவி எஞ்சின், அங்கே உள்ள வட்டத் தண்டவாளத்தில், மூன்று பெட்டியில் இருபத்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு, நிற்காமல் பத்துச் சுற்று ஓட வேண்டும். ஓடினால் அதை வாங்க நான் கையெழுத்து வைக்கலாம். ஓடாவிட்டால் பூங்கா வேலை நிரோஷனுக்குப் போகும், நான் பழையபடி தண்ணீர்ப் பம்புப் பிரிவுக்குப் போவேன்.

பட்டறை ஹெலன் அக்காவுடையது. நாற்பதைத் தாண்டியவர். சுடிதாரின் மேல் காக்கிக் கோட்டு, காதில் பென்சில். எஞ்சின் என் மார்பு உயரம், பச்சை நிறம், பித்தளை வளையங்கள். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. அதை மறைக்கக் குறைகளின் பட்டியலை எடுத்தேன்.

ஒன்று, பிரேக் கைப்பிடி தளர்வு. இரண்டு, மணியில் விரிசல். இப்படியே போய் ஏழாவதில் நின்றேன். எஞ்சினின் அடிச்சட்டத்தில், கொதிகலனுக்கு நேர் கீழே, நாலு துளைகள். சுத்தமாக, அளவாகப் போட்ட துளைகள். அவற்றில் எதுவும் பொருத்தப்படவில்லை.

"இது ஏன்?"

"அது இருக்கட்டும் மேடம்" என்றார் ஹெலன் அக்கா. "இந்த பாய்லர் கூட ட்ரயல் பாய்லர்தான். நீங்க ஓகே சொன்னீங்கன்னா உங்களுக்குன்னு புதுசா ஒண்ணு அடிப்போம்."

"இதுக்கு முந்தி எத்தினை பேர் ஓகே சொன்னவை?"

"ட்ரயல் பாருங்க மேடம்" என்றார் அவர்.

'ஏழு: நாலு துளை, காரணம் இல்லை' என்று எழுதிக்கொண்டேன். பதினொன்றாவதாக, கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்ற ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, மாற்று வழி இல்லை என்று கண்டுபிடித்தேன். சின்ன எஞ்சின்தானே என்று அதன் பக்கத்தில் 'ஏற்கத்தக்கது' என்று நானே எழுதினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

தீ மூட்டினோம். நீராவி உடனே வராது. தண்ணீர் சூடாகி, அழுத்தம் ஏறி, அழுத்தமானியின் முள் அசைய மூன்று மணி நேரமானது. அந்த நேரத்தில் பின்கொட்டகையில் இருந்த பெட்டிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பட்டறையின் ஃபிட்டர் கஜா அண்ணா ஒரு மூலைக்குப் போனார். அங்கே நாலு சக்கரத்தின் மேல், பழைய ஷேர் ஆட்டோவில் இருந்து கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்று மூடியில்லாமல், வண்ணமில்லாமல், எலும்புக்கூடுபோல் உட்கார்ந்திருந்தது. சாவியைத் திருப்பினார். பெட்டிகள் வந்து சேர்ந்தன.

"இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். நீராவி எஞ்சினுக்கு நான் ஏற்கெனவே மனதில் ஒரு பேர் வைத்திருந்தேன்.

"பேரெல்லாம் இல்ல மேடம். ஓடுது."

ஒரு மணிக்கு அழுத்தம் வந்தது. ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரமும் வந்தது. பட்டறையில் சாப்பாட்டு நேரம் என்றால் கோயில் நடை சாத்தியதுபோல, யாரையும் அசைக்க முடியாது. நானும் போய் வாழை இலையில் சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் எல்லாக் கறியும் சோற்றைச் சுற்றி ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது, ரசத்துக்கு முன் மோர் கேட்டால் பரிமாறுகிறவர் முகம் மாறுகிறது. திரும்பி வந்தபோது தீ அடங்கி, முள் பாதிக்கு இறங்கியிருந்தது. நாங்கள் சாப்பிட்ட நேரம் முழுவதும் எஞ்சினும் நின்ற இடத்திலேயே கரியைத் தின்றிருந்தது. அன்று ஒரு சுற்றுகூட ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓடியது, இருநூறு அடி. பிறகு புகைபோக்கியில் இருந்து புகைக்குப் பதிலாகக் கொதிநீர்த் துளி தெறித்தது. ஹெலன் அக்காவின் காக்கிக் கோட்டிலும் என் வெள்ளைச் சட்டையிலும் புள்ளி புள்ளியாக அழுக்கு. கொதிகலனுக்குள் தண்ணீர் பால் பொங்குவதுபோல் நுரைத்து, நீராவியோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

"எந்தத் தண்ணி ஊத்தினனீங்கள்?"

"போர் தண்ணி மேடம்" என்றார் கஜா அண்ணா. "நாங்க சும்மா குடிக்கிறதில்ல, டீக்கு மட்டும்தான். வண்டிக்கு இன்னா?"

பட்டறையில் ஒரு கெண்டி இருக்கிறது. தேநீர் போடுவது அந்த ஆழ்துளைத் தண்ணீரில்தான். அதன் உள்பக்கம் விரல் தடிப்புக்கு வெள்ளைப் பாறை. அதைக் காட்டினேன். கொதிகலனுக்குள் இது படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, இரும்புதான் வேகும். பழைய ரயில்வேக்கள் தண்ணீர் கெட்ட ஊர்களுக்குத் தண்ணீருக்கென்றே தனி வண்டி ஓட்டின. இதை ஒரு காலத்தில் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். பரீட்சையில் அது சட்டையில் தெறிக்கவில்லை.

ஆகவே தண்ணீர் லாரி. படப்பைப் பக்கத்துக் கிணறுகளில் இருந்து நாள் முழுக்க லாரிகள் மேடவாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, எங்கள் வாசலைத் தாண்டித்தான். பதினேழு லாரிகளை எண்ணினேன். எங்களுக்கானது வரவில்லை.

"போன் பண்ணா வந்துகினே கீறேன்றான் மேடம்" என்றார் கஜா அண்ணா. "காலைலேர்ந்து வந்துகினே கீறான்."

நாலு மணிக்கு வந்தது. அதற்குள் தீ அணைந்திருந்தது. எலும்புக்கூட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். கஜா அண்ணா தேநீர்க் குவளையைத் தூக்கிக் காட்டினார். "மாசத்துக்கு ஒரு வாட்டி."

புதன்கிழமை நானும் கஜா அண்ணாவும் மாறி மாறிக் கரி போட்டோம். அதிகம் போட்டால் புகை, குறைவாகப் போட்டால் குளிர். மதிலுக்கு அந்தப் பக்கம் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. அங்கிருந்து ஒரு காவலர் வந்து, துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பட்டறையில் வண்ணம் பூசும் பீகார் இளைஞர்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்து ஏதோ இந்தியில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

கஜா அண்ணா சிறிது தயங்கினார். "அந்த மேடத்துக்கு இன்னும் கல்யாணம் ஆவலியா, சமையல் வராது போலன்றான்."

அவன் சொன்னதில் தொழில்நுட்பப் பகுதி சரி. எங்களுக்குத் தேவை தீயைத் தெரிந்த ஒருவர். மதியம் படப்பைக் கடைத்தெருவில் பிரியாணி சாப்பிடும்போது அவரைக் கண்டுபிடித்தேன். கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயத் தயிர், முடிவில் பிரெட் அல்வா. விறகு அடுப்பில் அத்தனை பெரிய அண்டாவில் ஒரு பருக்கைகூட அடிப்பிடிக்கவில்லை. மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏதோ குறை சொல்ல வருகிறேன் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக வந்தார். பெயர் இம்ரான், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். விஷயத்தைச் சொன்னதும் ஸ்கூட்டரை எடுத்தார்.

எஞ்சினில் தீ எரியும் அறையின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். "இது அடுப்புதானே மேடம். கீழ ஏன் சக்கரம் வெச்சிருக்கீங்க?"

வியாழக்கிழமை காலை இம்ரான் வந்தார். கரியை அள்ளிக் கொட்டவில்லை. கைப்பிடி கைப்பிடியாக, ஓரத்தில் முதலில், நடுவில் பிறகு என்று போட்டார். இடையில் காது வைத்துக் கேட்டார். முள் ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எஞ்சின் நடை போட்டது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பட்டியலை எடுத்து எதையோ எழுதுவதுபோல் நின்றேன். ஆறாவது சுற்றில் இம்ரான் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"எங்க போறீங்கள்?"

"பதினொன்னரைக்கு பிரியாணி தம் உடைக்கணும் மேடம். நூத்தம்பது பேரு காத்துகினு இருப்பாங்க."

"இன்னும் நாலு சுற்றுத்தான்."

"உங்க வண்டி வேகலன்னா மறுபடியும் வேக வைக்கலாம். சோறு குழைஞ்சா?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீராவி எஞ்சினுக்கு ஓட்ட ஒருவர், தீக்கு ஒருவர் வேண்டும். இரண்டு எஞ்சின் என்றால் நாலு பேர். டீசல் எஞ்சின்களை எத்தனை கோத்தாலும் முன்னால் இருக்கிறவரே எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம். மாலை முழுவதும் சாம்பல் அள்ளினேன், குழாய்களைத் துடைத்தேன், எண்ணெய் விட வேண்டிய இருபத்தாறு இடங்களில் எண்ணெய் விட்டேன். தாம்பரத்தில் நான் தங்கியிருந்த மகளிர் விடுதியின் வார்டன் என் கையைப் பார்த்துவிட்டு, "இஞ்சினியர்னு சொன்னியேம்மா?" என்று கேட்டார்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். எஞ்சினுக்குக் கரி மூட்டையைக் கொண்டு வந்தது எலும்புக்கூடு. மணல் மூட்டைகளைக் கொண்டு வந்தது எலும்புக்கூடு. சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டியதும் அதுதான். பெரிய ரயில்வேக்களிலும் பல இடங்களில் டீசல் இப்படித்தான் உள்ளே வந்தது. முதலில் நிலையத்தின் பின்பக்கம் பெட்டிகளைத் தள்ளி வைக்கும் வேலை. யாரும் அதைப் படம் எடுக்கவில்லை. அதை எதிரி என்றும் யாரும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ஆறரைக்குத் தீ. பத்தரைக்குத் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளை. ஹெலன் அக்கா சொல்லி வைத்திருந்ததால் நீலச் சீருடையில் இருபத்து நாலு பெண்கள் சிரித்துக்கொண்டே வந்து ஏறினார்கள். பதினொன்றரைக்கு இம்ரானுக்குத் தம், அதன் பிறகு தொழுகை. நேரம் எல்லோருக்கும் அளந்துதான் இருந்தது.

"அக்கா, கிண்டில நிக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல ஆம்பளை ஏறிட்டாருக்கா" என்று இன்னொருத்தி கஜா அண்ணாவைக் காட்டினாள். அவர் கடைசிப் பெட்டியின் பிரேக்கில் நின்றார்.

விசில் அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எஞ்சின் மூச்சு விடும் சத்தம் மதிலில் மோதித் திரும்பி வந்தது. பீகார் இளைஞர்கள் தூரிகையை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். ஐந்தாவது சுற்றில் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய நேரம். அதற்கென்று ஒரு பித்தளைக் குழாய் உண்டு. நீராவியின் வேகத்தையே வைத்துத் தண்ணீரை உள்ளே தள்ளும். நல்ல உபகரணம், ஆனால் அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். திறந்தேன். சீறியது, எடுக்கவில்லை. மறுபடி திறந்தேன். எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் கை வைத்தேன். சுட்டது.

"கஜா அண்ணா, இந்தத் தண்ணி எங்க இருந்து?"

"லாரித் தண்ணிதான் மேடம். மீதி வேஸ்ட்டா போவக் கூடாதுன்னு நேத்து பத்திரமா மேல ஏத்தி வெச்சேன்."

மேலே என்றால் தகரக் கூரை. கூரையின் மேல் கறுப்புத் தொட்டி. அதற்கு மேல் கத்திரி வெயில். நல்ல தண்ணீரைப் பத்திரப்படுத்தத் தெரிந்த ஊரில்தான் இந்தத் தவறு நடக்கும். தண்ணீர் ஏற்ற வேறு வழி? பதினொன்றாவது குறை. 'ஏற்கத்தக்கது.' என் கையெழுத்து.

இன்னும் ஐந்து சுற்றுத்தானே என்று நிறுத்தாமல் ஓட்டினேன். எட்டாவது சுற்று முடியும் இடத்தில், தண்ணீர் குறைந்த கொதிகலனில் இருந்த ஈயத் தக்கை உருகியது. அது பாதுகாப்புக்காகவே வைப்பது. தக்கை உருகினால் நீராவி தீயின் மேல் கொட்டி அதை அணைத்துவிடும். அணைத்தது. புஸ்ஸென்று வெள்ளையாக எழுந்து எல்லாவற்றையும் மூடியது. வெடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரயில் மெதுவாக நின்றது.

இம்ரான் கதவைத் திறந்து ஈரச் சாம்பலைப் பார்த்தார். "என் பக்கம் தப்பில்ல" என்றார். சரிதான்.

பெண்களிடம் மன்னிப்புக் கேட்டு, இறங்கலாம் என்றேன். யாரும் அசையவில்லை.

"பத்து ரவுண்டுன்னுதானே கூப்பிட்டீங்க? எட்டுதான் ஆச்சு."

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குக்கா. டீயைக்கூட வுட்டுட்டு வந்தோம்."

கஜா அண்ணா என்னைப் பார்த்தார். நான் ஹெலன் அக்காவைப் பார்த்தேன். அவர் காதில் இருந்த பென்சிலைச் சரிசெய்தார். கஜா அண்ணா ஓட்டிவந்த எலும்புக்கூடு ரயிலின் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு தள்ளியது. முன்னால் உயிரில்லாத பச்சை எஞ்சின் இன்னும் வெள்ளை ஆவி விட்டுக்கொண்டே, பித்தளை மின்ன, ராஜா மாதிரிப் போனது. ஒன்பது. பத்து.

அந்தப் பத்தாவது சுற்றில்தான் குகன் அண்ணை காணொளி அழைப்பில் வந்தார். அவர் பக்கத்தில் நிரோஷனின் தோள் தெரிந்தது. நான் தண்டவாளத்து ஓரம், ரயிலுக்கு முன்னால் நின்றேன், திரையில் எஞ்சினும் ஆவியும் சிரிக்கும் பெண்களும்தான்.

"ஆகா. புகையோட வருது பிள்ளை" என்றார். "பத்தும் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அண்ணை."

"அப்ப பிறகென்ன, கையெழுத்தை வை."

நான் இன்னும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அழைப்பை முடித்தால் போதும். புகைபோக்கியில் புகை, பின்னால் ஒளிந்து நிற்கும் டீசல். இதைத்தான் கூடாது என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்.

"அண்ணை, ஒருக்கா பொறுங்கோ. போனைப் பின்பக்கம் திருப்புறன்."

குகன் அண்ணை திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "உது என்ன எலும்புக்கூடு?"

"டீசல். கடைசி ரெண்டு சுற்றும் அதுதான் தள்ளினது. நீராவி எட்டில நிண்டிட்டுது. பிழை என்னிலயும் இருக்கு."

நிரோஷனின் குரல் கேட்டது. "சோம்பல் எண்டு சொன்னீங்கள்?"

"ஓம், சொன்னனான். குறிப்பைத் திருத்து. பதினாலு காரணம் வைச்சிருக்கிறன், அனுப்பிறன்."

குகன் அண்ணை தாடையைச் சொறிந்தார். "சொன்ன மாதிரி எண்டால் வேலையை இவனிட்டைக் குடுக்க வேணும்."

"ஓம் அண்ணை."

"நீ போனைத் திருப்பாட்டி எனக்குத் தெரிஞ்சே இராது." இன்னும் சொறிந்தார். "டீசலையும் நீயே பார். நீ கையெழுத்து வைச்ச சாமானை நான் திரும்பப் போய்ப் பாக்கத் தேவையில்லை." நிரோஷனின் தோள் திரையை விட்டு விலகியது.

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. பெண்கள் இறங்கி ஓடினார்கள். ஒருத்தி ஓடும்போதே எலும்புக்கூட்டைத் தட்டிவிட்டு, "இத மொதல்லயே கொண்டாந்திருக்கலாமேக்கா" என்றாள்.

ஹெலன் அக்காவிடம் டீசல் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "சிம்னி எந்த கலர் மேடம்? புகை வர மிஷின் வெக்கணுமா?"

"சிம்னி வேண்டாம். கூ சத்தம் வேண்டாம். பக்கத்தில மூடியும் வேண்டாம், கம்பி வலை அடியுங்கோ. உள்ளுக்கு என்ன ஓடுதெண்டு பிள்ளைகள் பாக்கட்டும்."

ஐந்து நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் குழப்பம் வந்தது. "சிம்னி செஞ்சே வெச்சுட்டேனே" என்றார்.

மதியத்துக்குப் பிறகு, ஆறிய கொதிகலனைச் சங்கிலியில் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அதன் வயிற்றில் பச்சை வண்ணம் உரிந்த இடத்தில் நீலமும், நீலத்துக்குக் கீழே சிவப்பும் தெரிந்தன, எனக்கு முன் ட்ரயல் பார்த்தவர்களின் நிறங்கள். கஜா அண்ணா புது டீசல் எஞ்சின் ஒன்றை அடிச்சட்டத்தின் மேல் இறக்கினார். அதன் நாலு கால்களும் ஒரு மயிரிழை விலகாமல் அந்த நாலு துளைகளின் மேல் வந்து உட்கார்ந்தன. அவர் சட்டைப் பையில் கை விட்டு நாலு போல்ட்டுகளை எடுத்தார்.

"இது எப்ப இருந்து பையில கிடக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க வந்த அன்னிலேர்ந்து மேடம்."

பட்டியலை எடுத்தேன். ஏழாவதை அடித்துவிட்டு, அவரிடம் ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, நாலாவது போல்ட்டை நானே முறுக்கினேன்.